அறைக்கேற்ற ஒலிபெருக்கி

பதுளை நகரிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் அண்மைக் காலத்தில் ஒரு புதிய விருந்தினர் குடிபுகுந்து வருகின்றார். உயரம் மூன்று அல்லது மூன்றரை அடி. மேனி பெரும்பாலும் கருமை. மார்பிலே மூன்று நான்கு வட்டக் கண்கள். தனியே வருவது இவர் வழக்கமன்று. எப்போதும் இரட்டையராகவே வருவார். கடைக்காரர் இவரை 'டவர் ஸ்பீக்கர்' என்பர். தரையில் நிமிர்ந்து நிற்கும் ஒலிபெருக்கி என்று நாம் சொல்லலாம். சுருக்கம் கருதி இக்கட்டுரையில் நெடும்பெட்டி என்று குறிக்கின்றோம். கட்டாரிலும் துபாயிலும் உழைக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது பெற்றோர்க்கு வாங்கித் தருவதும், கொழும்பிலே கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் தீபாவளிக்கு லொறியில் ஏற்றி அனுப்புவதும் இப்பெட்டிகளே. பசறை, நமுனுகுல, ஹாலிஎல, மடூல்சீமை, ஹப்புத்தளைப் பக்கங்களில் எம் பழைய மாணவர் வீடுகளுக்குச் சென்றபோதெல்லாம் இவற்றைக் கண்டோம், கேட்டும் இருக்கின்றோம். இவற்றைத் தெரிவு செய்யும் முறை பற்றி எமக்கு ஒரு கருத்து உண்டு.

கல்லூரி விழா மலரிலே ஒரு தமிழாசிரியர் எழுதவேண்டிய பொருள் இதுதானா என்று சிலர் வினவக்கூடும். வினவட்டும். எழுத்து உடம்பின் எந்தெந்த உறுப்பிலே பிறக்கின்றது என்று ஆராய்வதற்குத் தொல்காப்பியர் பிறப்பியல் என ஒரு தனி இயலே வகுத்தார். காரைதீவில் 1892இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், விஞ்ஞானமும் பயின்றவர். தம் வாழ்நாளின் இறுதி ஆண்டாகிய 1947இல் அவர் வெளியிட்ட யாழ்நூலிலே, நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டே பழந்தமிழிசையை மீட்டார். ஒலியைப் பௌதிகத்தாரிடம் மட்டும் விட்டுவிட்டுத் தமிழாசிரியர் ஒதுங்கி நிற்பது பிற்காலத்தில் வந்த வழக்கம். மேலும், இந்நாளிலே நம் பிள்ளைகள் நல்ல தமிழைக் கேட்பதில் பெரும்பகுதி ஒலிபெருக்கியின் வழியாகவே நடைபெறுகின்றது. அப்பெட்டி தெளிவாகப் பேசுகின்றதா, கொழகொழவென்று பேசுகின்றதா என்பது எம் தொழிலுக்குப் புறம்பான விடயம் ஆகுமா?

விடுமுறையில் வரும் பழைய மாணவர் எம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "சேர், எத்தனை வாட்டு வாங்கலாம்?" நாம் திருப்பிக் கேட்பதும் ஒன்றே. "அறை எத்தனை அடி, தம்பி?" இதைக் கேட்டதும் அவர் சிரிக்கின்றார். புடவை வாங்கப் போனவரிடம் வீட்டுக் கதவின் அகலத்தைக் கேட்டாற்போல அவருக்குத் தோன்றுகின்றது போலும். ஆயினும் எம் கருத்து முழுவதும் அந்தக் கேள்வியிலேதான் இருக்கின்றது. ஒலிபெருக்கியை வாங்குபவர் முதலில் அளக்கவேண்டியது அறையை; அடுத்து நம்பவேண்டியது தம் செவியை; விளம்பர அட்டையில் அச்சிட்ட எண்களை எல்லாவற்றுக்கும் பின்னே வைக்கலாம்.

இது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்ற மாணவர் நினைவு கூர்க. மாதவி ஆட வருமுன், அரங்கு எத்தனை கோல் என்பது வகுத்துச் சொல்லப்படுகின்றது. நீளம் எட்டு, அகலம் ஏழு, தரையினின்று அரங்கின் உயரம் ஒன்று, அரங்கிற்கும் மேல்முகட்டிற்கும் இடையே நான்கு. இடத்தின் அளவு அமைந்த பின்னரே குழலும் யாழும் தண்ணுமையும் வந்து சேர்கின்றன. நாமோ தண்ணுமையை முதலில் வாங்கிவிட்டு அதற்கு இடம் தேடுகின்றோம்.

நம் பகுதியிலே இடம் எத்தகையது என்பதை நாம் அறிவோம். கோப்பிக் காலத்திலிருந்தே கட்டப்பட்டு வந்த லயங்களில் ஒரு காம்பரா என்பது ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. மேலே தகரம். பக்கத்துக் காம்பராவுக்கும் இதற்கும் ஒரே சுவர். சில பழைய லயங்களில் அந்தச் சுவரும் கூரை வரை எட்டுவதில்லை. இந்த அறையிலே நெடும்பெட்டி இரண்டை நிறுத்தினால் என்ன நிகழும்? ஒலி காற்றிலே செக்கனுக்கு ஏறத்தாழ 344 மீற்றர் செல்லும். 12 அடி என்பது 3.66 மீற்றர், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒருமுறை போய் மீள்வதற்கு 7.32 மீற்றர். கணக்கிட்டால், செக்கனுக்கு 47 அதிர்வுடைய தாழ்ந்த ஒலி எழும்போதெல்லாம் அவ்விரு சுவர்களும் அதனோடு சேர்ந்து முழங்கும். 10 அடிச் சுவர்களுக்கிடையே அதே முழக்கம் 56 அதிர்விலே நேரும். நெடும்பெட்டியின் பெருமையோ 40 அதிர்வுக்கு அண்மையில் இறங்கவல்லது என்பதிலேயே இருக்கின்றது. எந்தச் சிறப்புக்காகப் பணம் கொடுத்தோமோ அந்தச் சிறப்பு, அறையின் முழக்கத்தோடு மோதும் இடத்திலேயே வந்து நிற்கின்றது. மிருதங்கத்தின் தொப்பியிலே அடித்த அடி ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்கவேண்டியதிருக்க, ஒன்றின் வால் மற்றொன்றின் தலையை மூடுகின்றது. கேட்பவர் இதைத்தான் 'நல்ல பாஸ்' என்று மகிழ்கின்றார். அது பெட்டியின் பாஸ் அன்று, காம்பராவின் பாஸ்.

பௌதிக நூலார் இதனைப் 'பரிவு' என்பர். ஒன்றன் அதிர்வுக்கு மற்றொன்று இரங்கி அதிர்வது என்னும் பொருளில் அமைந்த அழகிய கலைச்சொல். சுவர் காட்டும் இந்தப் பரிவு சுவருக்கு அப்பால் இருப்பவர்க்குப் பரிவாக அமைவதில்லை என்பதுதான் துன்பம்.

அப்பால் இருப்பவர் யார்? காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து, பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்குப் போய், மாலைவரை கொழுந்து பறித்து வந்து படுத்திருக்கும் ஒரு தாய். அல்லது க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஆயத்தம் செய்யும் எம் மாணவர் ஒருவர். அவருக்குத் தனிப் படிப்பறை கிடையாது, பாயே மேசை. இடைச்சுவரானது உயர்ந்த ஒலிகளை ஓரளவு தடுத்துவிடும். தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. ஆதலின் அப்பாலிருப்பவருக்குப் பாட்டு வருவதில்லை, சொல் வருவதில்லை, இனிமை ஒன்றுமே வருவதில்லை. 'தும், தும்' என்னும் இடியொன்றே வருகின்றது. பாட்டைப் பகிர்ந்துகொண்டாலாவது ஒருவாறு பொறுக்கலாம். இங்கே இனிப்பு ஒரு வீட்டிலும் எறும்பு மறு வீட்டிலுமாக அல்லவோ இருக்கின்றது! 2007 நவம்பரிலே உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அது பொதுவிடங்களில் முழங்கும் ஒலிபெருக்கிகளைக் குறித்து எழுந்த தீர்ப்பு. காம்பராவுக்குள்ளே முழங்குவதை நெறிப்படுத்த அயலாரின் முகமே நீதிமன்றம்.

இவ்வளவு கூறியதால், தோட்டத்து இளைஞர் பெரிய பெட்டி விரும்புவதை ஆடம்பரம் என்று நாம் ஏளனம் செய்கின்றோம் என யாரும் கருதவேண்டா. அவ்வாறு ஏளனம் செய்யும் நகரத்துக் கனவான்களோடு எமக்கு உடன்பாடு இல்லை. நான்கைந்து தலைமுறையாக 120 சதுர அடிக்குள்ளே குனிந்து வாழ்ந்த குடும்பம், வீட்டிலே நிமிர்ந்து நிற்கும் பொருள் ஒன்று வேண்டுமென்று ஆசைப்படுவதில் என்ன பிழை? பேரொலியும் நம் மக்களுக்கு அந்நியமானதன்று. மாசி மாதத்திலே காமன் கூத்து நடக்கையில் தப்பு முழங்குவதைக் கேட்டவர்க்கு அது தெரியும். மலைச்சரிவிலே எழுந்து எதிர்மலை வரை செல்லும் ஒலி அது. ஆனால் அந்தத் தப்பு வெட்டவெளிக்கென்று பிறந்தது. வெளியிலே தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபெல் தாழ்ந்துவிடும். காற்றும் மலையும் மிச்சத்தை வாங்கிக்கொள்ளும். அடைத்த அறையிலே அந்த ஒலிக்குப் போக்கிடம் இல்லை. காமன் கூத்தைக் காம்பராவுக்குள் நடத்த எவரும் எண்ணியதில்லை.

லயத்தை விட்டு வெளியேறியவர் கதை வேறு. ஏழு பேர்ச்சஸ் காணியிலே தனித்து நிற்கும் 550 சதுர அடி வீடுகள் மலையகத்தில் எழுந்து வருகின்றன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் வாக்களித்த வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளை அறிவித்ததைப் பலரும் அறிவர். தனி வீட்டிலே பொதுச்சுவர் இல்லை. பதுளை நகரிலும் பண்டாரவளையிலும் 15 அடிக்கு 20 அடியான கூடம் கட்டியவர்களும் நம் பழைய மாணவரிடையே இருக்கின்றார்கள். அத்தகைய கூடத்திலே நெடும்பெட்டிக்கு நியாயமான இடம் உண்டு. பெட்டியின் உள்வெளி பெரிதாதலின் தாழ்ந்த ஒலி தாராளமாக வரும்; அதே மின்வலுவுக்குச் சற்று உரத்தும் ஒலிக்கும்; தவில், கடம், நாட்டுப்புற வாத்தியம் ஆகியவற்றின் உடல் முழுமையாகத் தெரியும்; தனியே தாங்கி வாங்கவேண்டிய செலவும் இல்லை. ஒரு நிபந்தனை: பல நெடும்பெட்டிகளின் முதுகிலே காற்று வெளிவரும் துளை ஒன்று இருக்கும். அப்பெட்டி பின்சுவரிலிருந்து ஓரடி, ஒன்றரை அடியாவது விலகி நிற்கவேண்டும், மூலையிலே ஒடுக்கலாகாது. அலங்காரத்துக்காக அதனைச் சுவரோடு ஒட்டி, மேலே பூச்சாடி வைத்திருக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கின்றோம். பூவுக்குக் கேடில்லை, பாட்டுக்குத்தான் கேடு.

இனி வாட்டுக் கணக்கு. இந்தக் கணக்கைப் போல் நம் மக்களை ஏமாற்றிய எண் வேறொன்று உண்டோ என்பது ஐயம். பெட்டியின் மேல் 'பி.எம்.பி.ஓ. 5,000 வாட்டு' என்று எழுதியிருக்கும். ஒரு கணப்பொழுதுக்கு, எவ்வகைச் சிதைவையும் பாராமல், விற்பவர் கற்பனையில் எழும் உச்சமே அது. அளந்து சரிபார்க்கக்கூடிய முறை எதுவும் அதற்கு இல்லை. தொடர்ந்து தரக்கூடிய வலுவைக் குறிக்கும் 'ஆர்.எம்.எஸ்.' என்னும் எண்ணை மட்டுமே கேட்கவேண்டும். இத்தகைய மிகைக்கூற்று நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவிலே அது தலைவிரித்தாடியபடியால் 1974இல் அந்நாட்டு மத்திய வாணிப ஆணையம், அம்பிளிபயரின் வலுவை எவ்வாறு அளந்து விளம்பரஞ் செய்யவேண்டும் என்று விதியே இயற்ற நேர்ந்தது.

உண்மையிலே நமக்கு வேண்டிய வலு எவ்வளவு? நல்ல பெட்டியொன்றின் விவரத் தாளிலே 'ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல்' என்பது போன்ற குறிப்பு இருக்கும். சாதாரண உரையாடல் 60 டெசிபெல் அளவினது. வீட்டிலே நிறைவாகப் பாட்டுக் கேட்பதற்கு 70 டெசிபெல் என்று கொள்வோம். 88இலிருந்து 18 குறைந்த அந்த ஒலிக்கு, ஒரு வாட்டிலே ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு போதும்! தவிலின் திடீர் அடிகளுக்காக அதைப்போல் நூறு மடங்கு இருப்பில் வைத்தாலும் இரண்டு வாட்டை எட்டாது. வலுவை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும் என்பதையும் சேர்த்து எண்ணினால், 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே செவிக்குத் தோன்றும் வேறுபாடு எவ்வளவு சிறிது என்பது விளங்கும். அக்காலத்து வால்வு வானொலிப் பெட்டி நான்கைந்து வாட்டுக்கு மேல் தந்ததில்லை. பாட்டனார் ஒருவர் அதைத் திறந்தால் லயத்தின் அரைப்பகுதியே வந்து கூடி நின்று கேட்டது.

அந்த வானொலிப் பெட்டிக்கு உயிர் கொடுத்த கருவி எளியது. காகிதக் கூம்பு, அதன் அடியிலே ஒரு கம்பிச் சுருள், சுருளைச் சூழ ஒரு காந்தம். பாட்டின் மின்னோட்டம் சுருளிலே பாய, அது முன்னும் பின்னும் ஆட, கூம்பு காற்றைத் தள்ளுகின்றது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவர் 1925இலே இதனைச் செம்மையாக்கி வெளியிட்டனர். கொழும்பிலே வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியதும் அதே 1925இன் டிசம்பரிலே. இந்த நூறாண்டிலே காந்தமும் கூம்பின் பொருளும் மேம்பட்டன, அடிப்படை மாறவேயில்லை. நெடும்பெட்டியாயினும் கைப்பேசியின் உள்ளே இருக்கும் பொட்டளவு ஒலிபெருக்கியாயினும் வேலை செய்யும் முறை ஒன்றே.

இனி நாம் மிகவும் வற்புறுத்த விரும்பும் விடயத்துக்கு வருகின்றோம். பெட்டியைச் சோதிக்கவேண்டியது மனிதக் குரலால். ஆண்குரலின் அடிமீடிறன் 85 முதல் 180 வரை. பெண்குரலினது 165 முதல் 255 வரை. 60 அதிர்வு வரை இறங்கும் ஒரு சிறு பெட்டி இவ்விரண்டையும் குறைவின்றித் தரும். மெய்யெழுத்துகளின் தெளிவோ மேலே, ஆயிரக்கணக்கான அதிர்வுகளில் இருக்கின்றது. லகரம், ழகரம், ளகரம் என்பவற்றின் வேறுபாட்டைச் செவி அறிவது 1,500க்கும் 3,000க்கும் இடைப்பட்ட பகுதியை முதன்மையாகக் கொண்டே. பெரிய கூம்பு தாழ்ந்த ஒலிகளைத் தந்துவிட்டு, மேலுள்ளவற்றைச் சிறிய 'ட்வீட்டர்' என்பதன் கையிலே ஒப்படைக்கும் எல்லையும் பெரும்பாலான இரட்டைக் கூம்புப் பெட்டிகளில் 2,000க்கும் 3,000க்கும் நடுவே அமைகின்றது. அந்தக் கைமாற்றம் செவ்வையாக நடைபெறாத பெட்டியிலே 'வாழை'யும் 'வாளை'யும் ஒன்றாகிவிடும். 'கறி'யும் 'கரி'யும் மயங்கும். வகுப்பிலே ஓராண்டு முழுவதும் நாம் திருத்திய உச்சரிப்பை வீட்டிலே ஒரு பெட்டி ஒரு மாதத்தில் அழித்துவிடக்கூடும்.

இதற்குச் சான்று ஆங்கில நாட்டிலிருந்து ஒன்று கூறுவோம். பி.பி.சி. நிறுவனத்தார் வெளியிடங்களுக்குச் சென்று ஒலிபரப்புவதற்கு வண்டிகளைப் பயன்படுத்தினர். வண்டியின் உள்ளே இடம் மிகச் சிறிது. பேச்சின் தெளிவைக் கண்காணிக்கவேண்டிய கடமையோ பெரிது. நெடும்பெட்டிக்கு அங்கே வழியில்லை. ஆகவே 1970களிலே அவர்களுடைய ஆய்வுப் பகுதியினர், ஓரடி உயரமும் ஏழரை அங்குல அகலமும் உடைய ஒரு சிறு பெட்டியை வடிவமைத்தனர். எல்.எஸ். 3/5ஏ என்பது அதன் பெயர். அதிலே ஆழ்ந்த பாஸ் கிடையாது. பேரொலியும் கிடையாது. மனிதக் குரல் மட்டும் எதிரே ஒருவர் அமர்ந்து பேசுவது போல வரும். அலுவலகக் கருவியாகப் பிறந்த அது உலகெங்கும் இசை விரும்பிகளின் வீடுகளுக்குச் சென்றது. அரை நூற்றாண்டு கடந்தும் அதன் வடிவிலே பெட்டிகள் செய்யப்படுகின்றன. வண்டியின் உட்புறத்தையும் லயக் காம்பராவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இருந்த இக்கட்டே நமக்கும் இருக்கின்றது. அவர்கள் கண்ட வழியே நமக்கும் உதவும். அந்தப் பெட்டியையே வாங்கும்படி நாம் சொல்லவில்லை; அதன் விலை ஆசிரியர்க்கும் எட்டாது. ஐந்து அல்லது ஆறு அங்குலக் கூம்புடைய சிறு பெட்டிச் சோடி என்னும் வகையைத்தான் கருதுகின்றோம்.

கொழும்பிலே புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கோ வேறு கடைக்கோ போகின்றவர் வெறுங்கையோடு போகலாகாது. தமக்கு மனப்பாடமான பாட்டு இரண்டை, அதிலே ஒன்று பெரிய வாத்தியக் கூட்டமின்றிக் குரல் தனித்து நிற்பதாக, கைப்பேசியில் எடுத்துச் செல்லவேண்டும். அதனினும் மேலான சோதனை ஒன்று உண்டு. தம் தாயார் இரண்டு நிமிடம் பேசுவதைப் பதிவு செய்து கொண்டுபோய், கடையிலே ஒலிக்கச் செய்து கேட்கலாம். தாயின் குரலை அறியாத பிள்ளை இல்லை. அக்குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோலவோ, சளி பிடித்தாற்போலவோ கேட்டால் அந்தப் பெட்டியை விட்டுவிடுக, அதன் எண்கள் எவ்வளவு உயர்ந்திருப்பினும். இரு பெட்டிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கவேண்டும். சற்றே உரத்து ஒலிப்பதைச் சிறந்தது என்று செவி எப்போதும் மயங்கும். விற்பவர்க்கு இம்மயக்கம் நன்கு தெரியும். முதலிலே தாழ்வாகக் கேட்க. தாழ்ந்த ஒலியிலும் சொல் சிதையாமல் வரும் பெட்டிதான் பொதுச்சுவர் உடைய வீட்டுக்கு உரியது. நகரக் கடையொன்றிலே நாம் இவ்வாறு தாழ்த்தி வைக்கச் சொன்னபோது, அங்கிருந்த பையன் 'இது கேட்கிறதற்கா, தூங்கிறதற்கா, ஐயா?' என்றான். இரண்டுக்கும்தான் என்று சொல்லி வந்தோம்.

அமர்ந்து கேட்கும் உயரத்தை எவரும் எண்ணுவதில்லை. இப்பெட்டிகளை ஆக்கும் நாடுகளிலே மக்கள் கதிரையில் அமர்ந்து கேட்கின்றனர். அவர்களுடைய செவி தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேலே இருக்கும். நெடும்பெட்டியின் ட்வீட்டர் அதே உயரத்துக்கு வருமாறு செய்யப்பட்டிருக்கின்றது. நாமோ மாலையிலே பாய் விரித்து அமர்கின்றோம். செவி இரண்டரை அடிக்கும் கீழே வந்துவிடுகின்றது. தெளிவு தரவேண்டிய உயர்ந்த ஒலிகள் தலைக்கு மேலாகப் பறந்துபோக, வயிற்றுக்கு நேரே பாஸ் வந்து அடிக்கின்றது. சிறு பெட்டியாயின் இரண்டடி உயரப் பலகையிலே வைத்து, நமக்கு ஏற்றவாறு உயர்த்தலாம், தாழ்த்தலாம். இரு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் கேட்பவர்வரை உள்ள தூரமும் சமமாயிருத்தல் நன்று. அறையின் குறுக்கே கொடியில் துணி தொங்குவதைச் சிலர் குறையாகக் கருதுவர். ஒலிக்கு அது நன்மையே. வெறும் சுவரிலே மோதித் தெறிக்கும் கூரிய ஒலிகளைத் துணி உறிஞ்சிக்கொள்ளும்.

நம் மலைநாட்டுக் காலநிலைக்கும் ஒரு சொல். ஹப்புத்தளை மூடுபனியிலும் வடகீழ்ப் பருவமழையிலும் மரத்தூள் பலகையாற் செய்த பெட்டியின் அடி ஈரத்தை வாங்கி ஊதிவிடும். தரையிலேயே நிற்பது நெடும்பெட்டியாதலின் அதற்கே இந்நோய் முதலில் வரும். அடியிலே கட்டை வைக்காமல் நிறுத்தலாகாது. கூம்பின் விளிம்பு நுரைப்பொருளாயின் பத்துப் பதினைந்து ஆண்டிலே உதிரும். இறப்பர் விளிம்பு நெடுங்காலம் தாங்கும். பழைய பெட்டி வாங்குபவர் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடி முழங்கும் நாட்களில் மின்சாரத் தொடுப்பைக் கழற்றிவிடுக. தகரக் கூரையிலே மழை கொட்டும்போது பாட்டை நிறுத்திவிடுவதே உத்தமம். அந்த வாத்தியத்தோடு போட்டியிட்டு வென்ற பெட்டி இதுவரை ஊவாவிலே கிடையாது. விலையுயர்ந்த வயர் பற்றிப் பேசுவோருக்குச் செவி கொடுக்கவேண்டா. தடித்த சாதாரணச் செப்பு வயர் போதும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. 2024 செப்டம்பரிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என விதிக்கப்பட்டது. அக்கணக்கிலே ஓர் இலட்சம் ரூபா என்பது ஒருவரது 74 நாள் உழைப்பு. மலையிலே ஏறி இறங்கிய 74 நாள். இந்தத் தொகையைக் கொடுத்து, காம்பராவிலே பாதி வலிமையையும் காட்டமுடியாத நெடும்பெட்டியை வாங்குவதைப் பார்க்கும்போது எமக்கு வருத்தம் உண்டாகின்றது. மலிந்த விலையிலே கிடைக்கும் நெடும்பெட்டியோ இன்னும் மோசம். ஒரே பணத்துக்கு மூன்றடிப் பலகையும் நான்கு கூம்பும் தரவேண்டுமாயின், ஒவ்வொரு கூம்பும் எவ்வளவு தாழ்ந்த தரத்ததாயிருக்கும் என்று எண்ணுக. சில பெட்டிகளிலே கீழேயுள்ள கூம்பு வெறும் அலங்காரமாகவே இருக்கக் கண்டோம். சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. அதே தொகைக்கு இரண்டு கூம்பு மட்டுமுடைய சிறு பெட்டி நேர்மையாகச் செய்யப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பின்னர் தனி வீடு அமையும்போது, தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப் வூபரைச் சேர்த்துக்கொள்ள வழியும் திறந்தே இருக்கும்.

மின்சாரம் வருமுன்னர் கார் பற்றரியிலே கசெற் கேட்டு வளர்ந்த தலைமுறை எம்முடையது. பற்றரி தீரத் தீரப் பாடகர் குரல் இழுபட்டுக்கொண்டே போகும். நாம் அதற்கேற்ப மெதுவாகக் கூடப் பாடுவோம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை. எந்தப் பாட்டும் கைப்பேசியிலே நொடியில் வந்துவிடுகின்றது. அதைச் செவ்வையாகக் கேட்பதற்கு ஒரு சோடிப் பெட்டி வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமே. வாங்கிக் கொடுங்கள் என்றுதான் நாமும் சொல்லுகின்றோம்.

வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருந்து வாங்கி அனுப்ப எண்ணும் பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகுமுன் வீட்டுக்கு அழைத்து, அறையின் நீளம், அகலம், உயரம், கூரை தகரமா சீற்றா, இடைச்சுவருக்கு அப்பால் இருப்பவர் யார் என்பவற்றைக் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐயம் இருப்பின் அத்தாளைக் கல்லூரி முகவரிக்கு எமக்கு அனுப்பலாம். பௌதிக ஆசிரியரோடு கலந்து பார்த்து மறுமொழி எழுதுவோம். வீட்டிலே அளவு நாடா இல்லையேல், ஒரு நூலைச் சுவருக்குச் சுவர் பிடித்து முடிச்சிட்டு, பாடசாலைக்கு வரும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டால் நாம் அளந்துகொள்வோம்.